இரண்டாம் இடத்து நீலம்

பழைய ஐரோப்பிய ஓவியங்களில் மரியாள் போர்த்தியிருக்கும் நீல அங்கியைப் பார்த்திருப்பீர்கள். அந்த நீலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலையிலிருந்து வந்த லாபிஸ் லசூலி, அதை அரைத்து எடுத்த அல்ட்ராமரைன், அதற்குக் கொடுத்த பொன் விலை என்று கதை நீளும். கதை உண்மைதான். ஆனால் 15, 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியர்கள் மிகுதியாகக் கையாண்ட நீலம் அதுவல்ல. பெயரும் புகழும் லாபிஸுக்குப் போக, வேலையில் பெரும்பங்கைச் செய்து முடித்தது வேறொரு கல். அதன் பெயர் அசூரைட்.

அசூரைட் செம்பின் பிள்ளை. பூமியின் ஆழத்தில் செம்பு பெரும்பாலும் கந்தகத்தோடு சேர்ந்த தாதுவாகக் கிடக்கிறது. அதில் நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்கி அந்தத் தாதுவைத் தொடும்போதுதான் ரசவாதம் தொடங்குகிறது. செம்பு கரைகிறது, அக்கம்பக்கத்தில் சுண்ணாம்புக்கல் இருந்தால் அதோடு வினைபுரிந்து கார்பனேட்டாகப் படிகிறது. முதல் தாது சிதைந்து பிறப்பதால் இதை இரண்டாம் நிலைக் கனிமம் என்பார்கள். புளி போட்டுத் துலக்காத செம்புப் பாத்திரத்தில் களிம்பு ஏறுகிறதே, அதை மலை தன் செம்பின்மேல் ஏற்றிக்கொண்டால் எப்படியோ அப்படி. உயிரோடு ஒட்டிய ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்திகள் செம்பில் களிம்பைத்தான் உவமை சொன்னார்கள். மண்ணியலும் அதே களிம்பில் வந்து நிற்கிறது.

இந்தக் களிம்பில் இரண்டு நிறம் உண்டு. பச்சையாகப் படிந்தால் மாலகைட், நீலமாகப் படிந்தால் அசூரைட். இரண்டும் செம்பின் கார்பனேட்டே. கரியமில வாயுவும் நீரும் சேர்ந்திருக்கும் விகிதம்தான் வேறு. நீலம் உருவாகவும் நிலைக்கவும் கரியமில வாயு கூடுதலாக வேண்டும். சூழலில் அது குறைந்தால், அசூரைட் கொஞ்சம் வாயுவை விட்டுவிட்டு, கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, மெல்ல மாலகைட்டாக மாறிவிடும். மாலகைட் மலிவாகவும் அசூரைட் அரிதாகவும் கிடைப்பதற்கு இந்தக் குணமே காரணம். படிகத்தின் வடிவம் அப்படியே இருக்க, உள்ளே நீலம் போய்ப் பச்சை வந்து உட்கார்ந்த கற்களை அருங்காட்சியகங்களில் பார்க்கலாம்.

மனிதன் இதை எப்போது கையில் எடுத்தான்? அண்மைக்காலம் வரை சொல்லப்பட்ட பதில், புதிய கற்காலம். துருக்கியின் சாதல்ஹூயுக் குடியிருப்பில் ஏறக்குறைய 9000 ஆண்டுகளுக்கு முன் இறந்தவர்களைப் புதைத்தபோது, சில குழிகளில் இந்த நீலப்பொடியையும் வைத்திருந்தார்கள். பிறகு 2025இல் கதை பின்னோக்கித் தாவியது. ஜெர்மனியில் பிராங்க்ஃபர்ட்டுக்கு அருகே உள்ள மூல்ஹைம்-டீட்டஸ்ஹைம் என்ற இடத்தில் எப்போதோ தோண்டியெடுத்த ஒரு குழிந்த கல், எண்ணெய் விளக்கு என்ற பெயரில் பத்திரமாக இருந்தது. அதன்மேல் மிகச் சிறிய நீலத் தடங்களை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். சோதித்தால் அசூரைட். கல்லின் வயது சுமார் 13,000 ஆண்டுகள். சிவப்பையும் கறுப்பையும் தவிர வேறு வண்ணமே அறியாதவர்கள் என்று நாம் நினைத்திருந்த பழைய கற்கால ஐரோப்பியர்கள் நீலத்தை அரைத்திருக்கிறார்கள். குகைச் சுவர்களில் அந்த நீலத்தைக் காணோம். உடம்பில் பூசினார்களோ, தோலுக்கும் துணிக்கும் தீட்டினார்களோ, இரண்டும் காலத்தில் மிஞ்சுபவை அல்ல.

அடுத்து எகிப்து. நைல் நதிக்கரைக்காரர்கள் இயற்கை தரும் நீலத்துக்காகக் காத்திருக்கவில்லை. மணல், சுண்ணாம்பு, செம்பு, உவர்க்காரம் ஆகியவற்றைச் சூளையில் சுட்டு, சுமார் 5000 ஆண்டுகளுக்கு முன்பே செயற்கை நீலம் செய்துவிட்டார்கள். உலகின் முதல் செயற்கை நிறமி என்று இதைத்தான் சொல்கிறார்கள். அந்தத் தொழில் ரகசியம் ரோமுக்கு வந்த வழியும் சுவையானது. இத்தாலியின் புத்தேயோலித் துறைமுகத்தில் வெஸ்தோரியஸ் என்றொரு வட்டிக்கடைக்காரர் இருந்தார், சிசரோவின் நண்பர். அலெக்சாந்திரியாவில் நடந்த தொழிலை ஊருக்குக் கொண்டுவந்து அவர் பட்டறை போட்டதை விட்ருவியஸ் தம் கட்டடக்கலை நூலில் எழுதிவைத்திருக்கிறார். தொழிற்சாலையில் நீலம் மலிவாகக் கிடைத்த உலகில் மலையில் விளையும் அசூரைட்டுக்கு இரண்டாம் இடம்தான்.

இருந்தாலும் ரோமானியச் சந்தையில் அதற்கும் ஒரு கடை இருந்தது. அர்மீனியாவிலிருந்து வந்த ஒரு நீலக்கல்லைப் பற்றி மூத்த பிளினி எழுதுகிறார். அது அசூரைட்டாக இருக்கவேண்டும் என்பது பலர் கருத்து. ஒருகாலத்தில் கொள்ளை விலைக்குப் போன சரக்கு அது. பிறகு ஸ்பெயினில் அதே மாதிரி பக்குவப்படுத்தக்கூடிய ஒரு மணல் கிடைத்தது. அவ்வளவுதான், ராத்தல் ஆறு தினாரியஸ் என்று விலை சரிந்தது. ஒரு வணிகர் தூரதேசத்துச் சரக்கு என்று விலை சொல்ல, இன்னொருவர் பக்கத்து ஊரிலேயே அதன் ஜோடியைக் கண்டுபிடித்துச் சந்தையைக் கவிழ்ப்பது நீலத்தின் வரலாற்றில் திரும்பத் திரும்ப நடக்கும் கூத்து.

ரோமப் பேரரசு சரிந்தபின் எகிப்திய நீலத்தின் செய்முறையும் மெல்ல மறந்துபோனது. சூளை அணைந்ததும் மக்கள் மறுபடி மலையை நாடினார்கள். அதே நூற்றாண்டுகளில் கிழக்கே, சீனத்தின் துன்ஹுவாங் குகைகளில், பட்டுப்பாதை வணிகர்கள் தந்த நன்கொடையில் புத்தர்களும் வான மகளிரும் சுவரேறிக்கொண்டிருந்தார்கள். அங்கே லாபிஸும் உண்டு, அசூரைட்டும் உண்டு. லாபிஸ் ஒட்டகத்தின் முதுகில் மேற்கிலிருந்து வரவேண்டும். அசூரைட்டோ சீன மண்ணிலேயே விளைந்தது.

அதைச் சீன ஓவியர்கள் மாற்றுச்சரக்காக நினைக்கவே இல்லை. நீலமலை, பச்சைமலை என்று அசூரைட்டையும் மாலகைட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தீட்டும் ஒரு தனி மரபையே வளர்த்தார்கள். ஒரே மலையில் ஒட்டிப் பிறந்த இரு கற்கள் பட்டிலும் ஒட்டியே உட்கார்ந்தன. இந்த மரபின் உச்சம் 1113இல் வந்தது. வாங் சிமெங் என்ற பதினெட்டு வயது இளைஞர், சுங் பேரரசர் ஹுயிசொங்கின் அரசவைக்காக ஏறத்தாழ 12 மீட்டர் நீளமுள்ள பட்டுச் சுருளில் ஆயிரம் காதம் மலையும் ஆறுமாக வரைந்து தள்ளினார். அவர் பெயர் சொல்ல எஞ்சியிருப்பது அந்த ஒரே ஓவியம். பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் அந்த நீலம் இன்றும் பளிச்சென்று இருக்கிறது.

ஜப்பானியர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அசூரைட்டுக்கு ஒரு விசித்திர குணம் உண்டு: பருமனாக அரைத்தால் அடர்நீலம், நைசாக அரைக்க அரைக்க வெளிறி வானத்து நிறமாகிவிடும். உழைப்பைக் கூட்டினால் சரக்கு கெடும் தொழில் இது ஒன்றாகத்தான் இருக்கும்! ஜப்பானிய வண்ணக் கடைக்காரர்கள் இந்தக் குறையையே வரிசையாக்கினார்கள். பொடியை நீரில் கலக்கித் தெளியவிட்டு, முதலில் அடியில் தங்கும் பருமனான துகளிலிருந்து கடைசியில் படியும் மாவுவரை தரம் பிரித்து, ஒரே கல்லிலிருந்து பல நீலங்களை எடுத்தார்கள். 1700களின் தொடக்கத்தில் ஓகாதா கோரின் தங்கத்தகடு ஒட்டிய மடக்குத் திரைகளில் வரைந்த நீல ஐரிஸ் மலர்கள் இந்தப் பருமனான பொடியில் பூத்தவை. கோரின், கியோட்டோவில் கிமோனோத் துணி விற்ற குடும்பத்தில் பிறந்தவர். கோடுகளும் நிழலும் இல்லாமல், நீலத்தை அப்பி அப்பியே பூவின் கனத்தை அவர் கொண்டுவந்துவிட்டார். டோக்கியோவின் நெசு அருங்காட்சியகத்தில் அந்தத் திரைகள் இருக்கின்றன.

ஐரோப்பாவில் இதே பாடத்தைச் சென்னினோ சென்னினி 1400ஆம் ஆண்டை ஒட்டி எழுதிய ஓவியர் கையேடு சொல்லிக்கொடுத்தது. அதில் இதற்கு ஜெர்மன் நீலம் என்று பெயர். வெள்ளிச் சுரங்கங்களின் அருகே கிடைக்கும், அளவோடு மெதுவாக அரைக்கவேண்டும் என்று எச்சரிக்கிறார். சாக்சனி, திரோல், ஹங்கேரி என்று வெள்ளிக்கும் செம்புக்கும் தோண்டிய இடங்களிலெல்லாம் நீலம் ஓசியாக வந்தது. சுரங்கக்காரருக்கு அது ஓரவருமானம், ஓவியருக்கோ உயிர்நாடி.

பட்டறைக் கணக்கு எளியது. செலவாளி வாடிக்கையாளரானால் அங்கி முழுதும் அல்ட்ராமரைன். கொஞ்சம் கைப்பிடிப்பவரானால் அடியில் அசூரைட் கனமாகப் பூசி, மேலே மெல்லிய படலமாக அல்ட்ராமரைன். வேறு வழியில்லை என்றால் அசூரைட் மட்டும். ஹோல்பைன் 1526-28 வாக்கில் லண்டனில் வரைந்த அணிலும் மைனாவும் உள்ள பெண்ணின் உருவப்படத்தில், பின்னால் தெரியும் அழகிய நீலம் அசூரைட்தான். அங்கே அல்ட்ராமரைனின் குறையை எந்தக் கண்ணும் உணராது.

சரக்கு இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தால் கலப்படம் வராமல் இருக்குமா? அல்ட்ராமரைன் என்று சொல்லி அசூரைட்டை விற்றவர்கள் உண்டு. அதற்கு மாற்றாகச் சோதனையும் பிறந்தது. கொஞ்சம் பொடியைச் சூடான இரும்பில் வை. லாபிஸ் நீலமாகவே இருக்கும். அசூரைட் வாயுவையும் நீரையும் விட்டுவிட்டுக் கரிய செம்பு ஆக்சைடாகிவிடும். நெருப்பில் கறுத்தால் வியாபாரி மாட்டிக்கொண்டான்.

சுவர்களில் இதற்குச் சோதனை வேறு மாதிரி. ஈரச் சுண்ணாம்புச் சாந்தோடு இந்தப் பொடி ஒத்துப்போகாது. காய்ந்த சுவரில் பசையோடு சேர்த்துத்தான் பூசவேண்டும். 1305 வாக்கில் படுவாவின் ஸ்க்ரொவேஞி சிற்றாலயத்தில் ஜியோத்தோ அப்படித்தான் பூசினார். ஈரச் சாந்தில் ஊறிய மற்ற வண்ணங்கள் சுவரோடு சுவராகிவிட்டன. மேலே ஒட்டிய நீலம் பல இடங்களில் செதிள் செதிளாக உதிர்ந்தது. பழைய தேவாலயங்களில் ஈரமும் உப்பும் ஏறிய சுவர்களில் நீலம் பச்சையாகத் திரிந்ததும் உண்டு. வானம் புல்வெளியாகிவிட்டதே என்று பின்னால் வந்தவர்கள் திகைத்தார்கள். பிழை ஓவியர் கையில் இல்லை, செம்பின் குணத்தில் இருந்தது.

17ஆம் நூற்றாண்டில் வரத்து சுருங்கத் தொடங்கியது. ஹங்கேரியப் பகுதிகளில் ஓட்டோமன் படைகளோடு நடந்த போர்கள் ஒரு காரணம் என்பார்கள். விலை ஏறியதும் போலிகள் புறப்பட்டன. அவற்றில் ஒன்று இங்கிலாந்தின் வெள்ளி சுத்திகரிப்பாளர்களின் தொட்டியில் தற்செயலாகப் பிறந்தது. வெள்ளியைப் பிரித்தெடுக்க அவர்கள் நைட்ரிக் அமிலம் பயன்படுத்தினார்கள். கரைசலில் செம்புத் தகட்டை இட்டதும் வெள்ளி படியும், செம்பு கரைந்து நீலநீராக மிஞ்சும். அந்தக் கழிவை வீணாக்குவானேன் என்று சீமைச் சுண்ணாம்புத் தூளின்மேல் ஊற்றினார்கள். சிலநாள் அருமையான நீலப்பொடி கிடைத்தது. சிலநாள் சாதாரணப் பச்சைதான். ஆளும் அதே, அளவும் அதே, ஆனால் நிறம் மட்டும் பிடிகொடுக்கவில்லை. சூட்சுமம் வெப்பத்தில் இருந்தது: கலவை குளிர்ந்திருந்தால் நீலம், வெதுவெதுப்பானால் பச்சை. மலை யுகக்கணக்கில் செய்யும் வேலையை ஒரு தொட்டி சில நாளில் செய்துவிட்டது. அங்கும் நீலமா பச்சையா என்ற பழைய இழுபறி விடவில்லை. புளூ வெர்டிட்டர் என்ற பெயரில் அந்தப் பொடி, படக் காகிதங்களுக்கும் வீட்டுச் சுவர்களுக்கும் நீலம் ஏற்றியது.

கடைசி அடி பெர்லினில் விழுந்தது. 1706 வாக்கில் தீஸ்பாக் என்ற வண்ணத் தயாரிப்பாளர் சிவப்பு செய்ய முயன்றுகொண்டிருந்தார். அதற்கான சாம்பலுப்பை யோஹன் தீப்பெல் என்ற ரசவாதியிடம் வாங்கினார். தீப்பெல் விலங்கு இரத்தத்திலிருந்து எண்ணெய் வடிக்கும் வேலையில் ஈடுபட்டவர். அந்த உப்பில் அதன் கசடு கலந்திருந்தது. எதிர்பார்த்த சிவப்புக்குப் பதில் அடர்நீலம் கண்ணைப் பறித்தது. அதுதான் பிரஷ்ய நீலம். சில ஆண்டுகள் ரகசியமாக விற்று லாபம் பார்த்தார்கள். 1724இல் லண்டனில் செய்முறை அச்சேறியதும் ஊர் ஊராகப் பட்டறைகள் முளைத்தன. இரும்பும் இரத்தமும் சேர்ந்த மலிவுச் சரக்கின் முன்னால் செம்பின் நீலம் நிற்க முடியவில்லை. 1800களில் கோபால்ட் நீலமும் செயற்கை அல்ட்ராமரைனும் வந்து சேர்ந்தன. ஐரோப்பிய ஓவியர் தட்டிலிருந்து அசூரைட் மறைந்தது. ஜப்பானில்கூடக் கதை திரும்பியது: ஹொகுசாயின் புகழ்பெற்ற பேரலையில் புரள்வது பிரஷ்ய நீலம்.

வேலை போன பிறகுதான் இதற்குப் பெயரே வைத்தார்கள். 1824இல் பிரெஞ்சுக் கனிமவியலாளர் பியூதான் அசூரைட் என்று பதிவுசெய்தார். அதற்குச் சற்று முன்பு லியோன் அருகே செசி என்ற கிராமத்தின் பழைய செம்புச் சுரங்கத்தில் அற்புதமான நீலப் படிகங்கள் கிடைத்திருந்தன. 15ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசரின் நிதிப் பொறுப்பாளர் ஜாக் கேர் குத்தகைக்கு எடுத்துத் தோண்டிய சுரங்கம் அது. செசிப் படிகங்கள் ஐரோப்பியச் சேகரிப்பாளர்களின் பேழைகளில் குடியேறின. கல்லுக்குச் செசிலைட் என்றொரு பட்டப்பெயரும் கொஞ்சநாள் நிலவியது. அரைத்தால் கைவிட்டுப் போகும் கல்லை அரைக்காமல் அப்படியே வைத்துப் பார்க்க ஆட்கள் வந்துவிட்டார்கள்.

இந்தக் கல்லுக்குப் பெயர்போன இன்னோர் ஊர், அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள பிஸ்பி. அது எழுந்ததே ஒரு தற்செயல். 1877இல் இராணுவ வேவுக்காரர் ஜாக் டன், அப்பாச்சி மக்களைத் தேடி மலையில் அலைந்தபோது பாறையில் தாதுக்கறையைக் கண்டார். அங்கே முதலில் உரிமை பெற்றவர்களில் ஒருவரான ஜார்ஜ் வாரன், குடிபோதையில் குதிரையோடு ஓட்டப்பந்தயம் ஓடுகிறேன் என்று தன் சுரங்கப் பங்கைப் பணயம் வைத்துத் தோற்றார் என்பது ஊரார் சொல்லும் கதை. அந்தப் பங்கு இருந்த காப்பர் குவீன் சுரங்கம் பின்னால் பெரும் செல்வம் தந்தது. சுண்ணாம்புக்கல் நிறைந்த மலையாதலால் அசூரைட்டும் மாலகைட்டும் அங்கே கொட்டிக்கிடந்தன. சூளைக்குப் போகவேண்டிய அழகிய கற்கள் பல, தொழிலாளரின் சாப்பாட்டுப் பெட்டிக்குள் பதுங்கி வெளியேறின. அன்று திருட்டு என்று பார்க்கப்பட்டது, இன்று காப்பாற்றிய புண்ணியமாகப் பேசப்படுகிறது; உருக்கியிருந்தால் அவை மின்கம்பியாகியிருக்கும். பெட்டிக்குள் அடங்காத ஒரு நான்கரை டன் பாறை 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் போய், பிறகு நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. காற்றின் ஈரம் மாறும்போதெல்லாம் மெல்லிய கீச்சொலி எழுப்பியதால் அதற்குப் பாடும் கல் என்று பெயர்.

அதே 1893இல், இன்றைய நமீபியாவின் சுமெப் என்ற இடத்துக்கு மாத்யூ ராஜர்ஸ் என்ற ஆங்கிலேயர் ஒரு நிறுவனத்துக்காகத் தாது பார்க்கப் போனார். பச்சை நிறக் குன்று ஒன்று அவர்முன் நின்றது. அவருக்குத்தான் அது புதிது. சான் மக்கள் அங்கே தாதுவைச் சேகரித்ததும், ஒவாம்போ மக்கள் அதை வாங்கி உருக்கியதும் நெடுநாள் வழக்கம். 1996இல் மூடப்படும்வரை அந்த ஒரே சுரங்கத்திலிருந்து 300க்கும் மேற்பட்ட கனிம வகைகள் வந்தன. உலகின் மிகச்சிறந்த அசூரைட் படிகங்களில் பல சுமெப்பில் பிறந்தவை. அதற்குப் பிறகு மொராக்கோவின் தூயிசித், மெக்சிகோவின் மில்பியாஸ், சீனத்தின் ஆன்ஹுயி என்று பட்டியல் நகர்ந்தது. ஆஸ்திரேலியாவின் நடுவே ஒரு சுரங்கத்தில் வெள்ளைக் களிமண்ணுக்குள் தட்டையான நீல வட்டுகளாகக் கிடைப்பதைச் சூரியன்கள் என்றே விற்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் விதி ஒன்றுதான்: மழைநீர் எட்டும் மேலடுக்கில்தான் நீலம். சுரங்கம் ஆழத்துக்குப் போகப்போக அது தீர்ந்துவிடும்.

இயற்பியலும் ஒருநாள் இந்தக் கல்லைத் தேடிவந்தது. நீலத்தைத் தரும் செம்பு அயனிகள் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். அசூரைட்டுக்குள் அவை சாய்சதுரங்களைக் கோத்த சங்கிலியாக அமைந்திருக்கின்றன. கடும் குளிரில் காந்தப் புலத்தைக் கூட்டிக்கொண்டே போனால், காந்தமாதல் தன் உச்ச அளவில் மூன்றில் ஒரு பங்கை எட்டியதும், புலம் மேலும் கூடினாலும் ஓர் எல்லைவரை நகராமல் நின்றுவிடுவதை 2005இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். குவாண்டம் விதிகள் தாளில் எழுதிக் காட்டிய நடத்தைக்கு, கோரின் பூக்களுக்கு வண்ணம் தந்த அதே கல் சாட்சி சொன்னது.

இத்தனைக்கும் பிறகு, பாகிஸ்தானின் ஸ்கர்து வட்டாரத்திலிருந்து ஒரு புதுச் சரக்கு கற்சந்தைக்கு வந்தது. கே2 சிகரத்தின் பெயர் சூட்டிய வெள்ளைக் கருங்கல். அதன்மேல் மை சிந்தியதுபோல உருண்டையான நீலப் புள்ளிகள். கருங்கல்லில் இப்படிப்பட்ட நீலமா, நிச்சயம் சாயம்தான் என்று அனுபவசாலிகள் பலர் கைவிரித்தார்கள். ஆய்வகத்தில் பார்த்தபோது புள்ளிகள் அத்தனையும் அசூரைட். லாபிஸ் விளையும் பதக்‌ஷான் அங்கிருந்து அதிக தூரமில்லை. அந்த லாபிஸின் பெயரில் நூற்றாண்டுக் கணக்கில் போலியாக விலைபோன கல், தன் சொந்தப் பெயரில் சந்தைக்கு வந்த அன்று, அசல் என்று நிரூபிக்க அதற்கே ஆய்வகச் சான்றிதழ் தேவைப்பட்டது.